‘கெட்’ சும்மா இருக்கிறது. வேலை பார்ப்பது அடுத்த சொல்

கேள்வி கேட்டவர் புதுச்சேரியில் ஒரு விருந்தினர் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர். சென்னையிலிருந்து வரும் வெளிநாட்டு விருந்தினர்களுக்கு வழி சொல்லி அவர் ஒரு குறிப்பு எழுதினாராம்: “கெட் டவுன் ஃப்ரம் த பஸ் அட் த புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட். கெட் ஆன் அன் ஆட்டோ. யூ வில் ரீச் டு அவர் கெஸ்ட் ஹவுஸ் இன் டென் மினிட்ஸ். என்டர் இன்டு த புளூ கேட்.” நான்கே வாக்கியம். நான்கிலும் மேலாளர் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்துவிட்டார், காரணம் சொல்லவில்லை.

அவர் கேட்பது இதுதான்: “கெட் என்றால் ‘பெறு’ என்று பள்ளியில் படித்தேன். ஆனால் பஸ்ஸில் ஏறுவதும் கெட், இறங்குவதும் கெட், வீடு போய்ச் சேர்வதும் கெட், காய்ச்சல் குணமாவதும் கெட். பஸ் என்றால் ஆன், ஆட்டோ என்றால் இன். ‘கெட் டு’ சரி, ‘ரீச் டு’ தவறு, ‘கெட் டு ஹோம்’ மறுபடியும் தவறு. இதை எப்படி நினைவில் வைப்பது?”

முதலில் ஓர் ஆறுதல். அந்த நான்கு வாக்கியமும் நல்ல தமிழ் வாக்கியங்கள். ஆங்கிலச் சட்டை மட்டும் அளவு சரியில்லாமல் மாட்டப்பட்டிருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாகக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இதே நான்கு தவறும் ஆண்டு தவறாமல் என் மேசைக்கு வருகின்றன. அறிவு குறைந்தவர்களிடமிருந்து அவை வருவதில்லை. தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களிடமிருந்துதான் வருகின்றன.

கெட் என்ன பொருள் தருகிறது என்று மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்கிற வாக்கியங்களில் அதற்குப் பொருள் ஏறக்குறைய எதுவும் இல்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறியாயிற்று என்பதை மட்டும் அது சொல்கிறது. எங்கே, எந்தத் திசையில், ஏறியா இறங்கியா, உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் அதற்கு அடுத்து நிற்கும் குட்டிச் சொல்லிடம் இருக்கிறது. தமிழில் இது தலைகீழ். அங்கேதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். “அவள் பஸ்ஸில் ஏறினாள்” என்ற வாக்கியத்தில் வினையை விரலால் மறையுங்கள். “அவள் பஸ்ஸில்” என்று நிற்கும். ஏறினாளா, இருந்தாளா, தூங்கினாளா, பர்ஸைத் தொலைத்தாளா, எதுவும் தெரியாது. இப்போது ஆங்கிலத்தில் கெட்டை மறையுங்கள். “ஆன் டு த பஸ்” என்று மிஞ்சினால் ஏறுவது தெரிகிறது. “ஆஃப் த பஸ்” என்று மிஞ்சினால் இறங்குவது தெரிகிறது. வினை போனாலும் செய்தி போகவில்லை.

கடலூர் பஸ் நிலையத்தில் நடத்துநர் என்ன சொல்லிக் கூவுகிறார்? “ஏறு, ஏறு!” என்கிறார். நிறுத்தம் வந்ததும் “இறங்கு, இறங்கு!” வெறும் வினை; அதுவே போதும். ஆங்கிலம் பேசுகிறவர் அவசரத்தில் வினையைத் தூக்கி எறிந்துவிட்டு “ஆஃப்! ஆஃப்!” என்பார், வீட்டுக்குள் புகுந்த நாயைப் பார்த்து “அவுட்!” என்பார். நமக்கு அவசரத்தில் மிஞ்சுவது வினை, அவர்களுக்கு மிஞ்சுவது முன்னிடைச்சொல், அதாவது ஆன், ஆஃப் போன்ற அந்தக் குட்டிச் சொல். ஒரு மொழி எதை உயிராக வைத்திருக்கிறது என்பது அவசரத்தில்தான் தெரியும்.

மொழியியலில் இதற்கு ஒரு வகைப்பாடே உண்டு. லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க அறிஞர் 1980களில் தொடங்கி மொழிகளை இந்தக் கோணத்தில் வகைப்படுத்தினார். போகும் பாதையை வினைக்குள்ளேயே பொதிந்து வைப்பவை ஒரு வகை. ஸ்பானிய மொழி அதற்கு எடுத்துக்காட்டு. பாதையை வினைக்கு வெளியே ஒரு துணைச்சொல்லில் வைப்பவை இன்னொரு வகை. ஆங்கிலம் அதில் சேரும். நம்முடைய ஏறு, இறங்கு, நுழை, கட, சேர், திரும்பு, விலகு, நெருங்கு ஆகியவற்றைப் பார்த்தாலே தமிழ் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளங்கும்.

புதுச்சேரியில் வேலை பார்ப்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பிரெஞ்சும் நம் பக்கத்து மொழிதான். ஏறு என்பதற்கு அவர்களிடம் ‘மோந்தே’, இறங்கு என்பதற்கு ‘தெசாந்த்ர்’, நுழை என்பதற்கு ‘ஆந்த்ரே’, வெளியேறு என்பதற்கு ‘சொர்த்தீர்’. ஒவ்வொன்றும் தனி வினை, தமிழைப் போலவே. விடுதிக்கு வரும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலம் பேசும்போது கவனியுங்கள். “கெட் ஆஃப் த பஸ்” என்பதற்குப் பதிலாக “டிசென்ட் ஃப்ரம் த பஸ்” என்று அவர் சொன்னால் வியப்பில்லை. அவருக்கும் உங்களுக்கும் ஒரே வியாதி.

1066க்குப் பிறகு இங்கிலாந்தை நார்மானியர் ஆண்டபோது இந்தப் பிரெஞ்சு வினைகளில் பல ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டன: என்டர், டிசென்ட், மவுன்ட், ரிட்டர்ன், அரைவ். அதனால் இன்றைய ஆங்கிலத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு. சமையலறையிலும் தெருவிலும் புழங்குவது கெட் இன், கெட் ஆஃப், கெட் பேக். அறிவிப்புப் பலகையிலும் நீதிமன்றத்திலும் புழங்குவது என்டர், டிசென்ட், ரிட்டர்ன். நாம் பள்ளிக்கூடத்தில் புத்தக வழியாக ஆங்கிலம் கற்றதால் மேல் அடுக்கு பழகிவிட்டது. அது நம் தமிழ் வினைகளோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதால் சுகமாகவும் இருக்கிறது. ஆனால் உங்கள் மேசைக்கு வருகிறவர் கேட்பது “ஹௌ டு ஐ கெட் டு த பீச்?” என்றுதான்.

கெட்டின் பிறப்பைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்றால் கைப்பற்று, அடை என்று பொருள். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் அது ஆங்கிலத்தில் வேரூன்றியது. ஆங்கிலத்தின் சொந்தப் பங்காளிச் சொல் தனியாக நிற்க முடியாமல் போய், ஃபர்கெட் போன்ற கூட்டுச் சொற்களுக்குள் ஒதுங்கிக்கொண்டது. மறதிக்குள் கெட் எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்: பிடியிலிருந்து நழுவிப் போவதுதான் ஃபர்கெட்.

இனி சிவப்பு மைக்கு வருவோம். ‘ரீச் டு’ ஏன் தவறு? இலக்கணப் புத்தகம் “ரீச் செயப்படுபொருள் குன்றாத வினை” என்று சொல்லி முடித்துவிடும். எனக்கு அந்த விளக்கம் யாருக்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை. தமிழிலேயே விடை இருக்கிறது. “கடலூருக்கு அடைந்தேன்” என்று சொல்வீர்களா? வாய் வராது. “கடலூரை அடைந்தேன்” என்போம். அடை என்ற வினைக்கு ஐ உருபு வேண்டும். கு உருபு ஒட்டாது. ரீச் என்பது அப்படியே அடை. “கடலூருக்குப் போய்ச் சேர்ந்தேன்” என்னும்போது கு வருகிறது. அதுதான் கெட் டு. ஆகவே ரீச் என்று எழுதும்போது மனத்தில் சேர் என்று நினைக்காமல் அடை என்று நினைத்தால் டு தானாக உதிர்ந்துவிடும். என் மாணவர்களில் பாதிப்பேருக்கு இந்த ஒரு வரியிலேயே அந்தத் தவறு போய்விடுகிறது. மீதிப்பேர் அடை என்று நினைத்துக்கொண்டே டு போடுகிறார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

‘என்டர் இன்டு’ இதற்குத் தம்பி. தமிழில் “அறைக்குள் நுழைந்தான்” என்று உள் என்பதையும் சேர்த்துச் சொல்லியே பழக்கம். பிரெஞ்சிலிருந்து வந்த என்டருக்குள் உள் ஏற்கெனவே இருக்கிறது. இன்டு போட்டால் இரண்டு உள் ஆகிவிடும். ஒப்பந்தம், பேச்சுவார்த்தை போன்றவற்றில் இறங்குவதற்கு மட்டும் ‘என்டர் இன்டு’ செல்லும். கதவு, அறை, ஊர் எதற்கும் செல்லாது.

அரைவ் இன்னொரு வகை. அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ‘கரைக்கு’ என்பது. முதலில் அது கப்பல் கரை சேர்வதைத்தான் குறித்தது. கடலூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல நினைவுக் குறிப்பு கிடைக்காது. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தபோது அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவர் கரையேறினார் என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை. அந்த இடத்துக்குப் பெயர் கரையேறவிட்டகுப்பம். கரையேறிய பிறகு அவர் எங்கே நிற்கிறார்? கரையில். அதுபோல அரைவ் என்று சொன்னவுடன் பயணம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சொல்வது நிற்கும் இடம். நிற்கும் இடத்துக்கு ‘டு’ எதற்கு? ஊராக இருந்தால் இன், பஸ் நிலையம் போன்ற ஒரு புள்ளியாக இருந்தால் அட். அரைவ்ட் இன் கடலூர், அரைவ்ட் அட் த பஸ் ஸ்டாண்ட்.

‘கெட் ஹோம்’ மட்டும் ஏன் டு இல்லாமல் தனியாக நிற்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பழைய ஆங்கிலத்தில் ஹோம் என்பதற்கு இரண்டாம் வேற்றுமை வடிவமே ‘வீட்டை நோக்கி’ என்ற பொருளைத் தந்தது. வேற்றுமை உருபுகள் தேய்ந்து போன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அதனால் டு தேவைப்படவில்லை. இது விசித்திரமாகத் தோன்றினால் நாளிதழைப் பிரித்துப் பாருங்கள். “அமைச்சர் கடலூர் வந்தார்”, “மீனவர்கள் வீடு திரும்பினர்.” கு எங்கே? நான்காம் வேற்றுமைத் தொகை என்று எட்டாம் வகுப்பில் படித்தோமே, அதுதான். உருபு மறைந்து நிற்கிறது, பொருள் குறையவில்லை.

ஒப்புமை இன்னும் ஒரு படி போகிறது. “வீடு திரும்பினான்” என்போம். ஆனால் எந்த வீடு என்று அடைமொழி சேர்த்தால் “பாட்டியின் பழைய வீட்டுக்குத் திரும்பினான்” என்று உருபு திரும்பி வந்துவிடும். ஆங்கிலத்திலும் அப்படியே. கெட் ஹோம், ஆனால் ‘கெட் டு மை கிராண்ட்மதர்ஸ் ஓல்ட் ஹோம்’. கெட் தேர், கெட் ஹியர் இரண்டுக்கும் டு கிடையாது. நாமும் “அங்கே போ”, “இங்கே வா” என்றுதான் சொல்கிறோம், அங்கேவுக்குப் பின்னால் கு ஒட்டுவதில்லை.

பஸ்ஸுக்கு ஆன், ஆட்டோவுக்கு இன். இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதி நன்றாகவே வேலை செய்கிறது: உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் ஆன், உடலை மடக்கி உட்கார வேண்டியிருந்தால் இன். பஸ், ரயில், கப்பல், விமானம் ஆன். கார், ஆட்டோ, பிச்சாவரத்தில் துடுப்புப் போடும் சின்னப் படகு இன். குதிரை, சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றின் மேலே காலைப் போட்டு உட்கார்வதால் மறுபடியும் ஆன். உங்கள் குறிப்பில் “கெட் ஆன் அன் ஆட்டோ” என்று படித்த விருந்தினர், ஆட்டோவின் கூரை மேல் உட்காரச் சொல்கிறார்களோ என்று ஒரு நொடி திகைத்திருப்பார். நம் ஊர் பஸ்களின் நெரிசலைப் படங்களில் பார்த்தவராக இருந்தால் நம்பியும் இருப்பார்.

ஆனால் நடக்க முடியும் என்பது முழு விளக்கம் ஆகாது. ஓட்டம் நின்று, டயர் கழற்றப்பட்டு, புதருக்குள் கிடக்கும் ஒரு பழைய பஸ்ஸில் பிள்ளைகள் விளையாடினால் ஆங்கிலம் அதை ‘இன் த பஸ்’ என்கிறது. ஆன் போடுவதில்லை. ஆன் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையில் பயணியாக இருப்பதைச் சொல்கிறது. வண்டி செத்துவிட்டால் அது வெறும் தகரப் பெட்டி, பெட்டிக்கு இன். முன்னிடைச்சொல் வண்டியின் வடிவத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், நீங்கள் அதோடு என்ன உறவில் இருக்கிறீர்கள் என்பதையும் பார்க்கிறது. மனப்பாடப் பட்டியல்கள் இந்த இடத்தில்தான் கைவிடுகின்றன.

ஏறுவதற்கு எந்தச் சொல்லோ, இறங்குவதற்கு அதன் எதிர்ச்சொல்: ஆனுக்கு ஆஃப், இன்னுக்கு அவுட் ஆஃப். இரண்டிலும் ஆஃப் வருகிறதே என்று கேட்பீர்கள். எழுத்தில் ஒன்றுக்கு எஃப் இரண்டு, இன்னொன்றுக்கு ஒன்று. இரண்டும் ஒரே சொல்லாகப் பிறந்து, அழுத்திச் சொன்னது ஒன்றாகவும் அழுத்தாமல் சொன்னது இன்னொன்றாகவும் பிரிந்தவை. ‘விட்டு விலகி’ என்பது பழைய பொருள். அவுட் ஆஃப் என்பதில் ஒற்றை எஃப் இருந்தாலும் அந்த விலகல் இன்னும் உயிரோடு இருக்கிறது. “பஸ்ஸை விட்டு இறங்கினாள்” என்று நாம் சொல்கிற ‘விட்டு’தான் அது.

இப்போது ‘கெட் டவுன்’. இறங்கு என்ற தமிழ் வினைக்குள் கீழே என்பது இருக்கிறது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததுதான் டவுன். இந்தியாவில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள், எனக்கு அதில் பெரிய கோபம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டேன். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் வெள்ளைக்காரர் ஒருவர். ரோமானிய வணிகத் தடயங்கள் கிடைத்த அரிக்கமேட்டைப் பார்க்கப் போகிறேன் என்றார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்ததைப் பற்றியெல்லாம் படித்துவிட்டு வந்தவர். அரியாங்குப்பத்தில் இறங்க வேண்டும், நான் சொல்கிறேன் என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். தவளக்குப்பம் தாண்டி, சுண்ணாம்பாற்றுப் பாலமும் தாண்டி, பேச்சு சுவாரசியத்தில் நிறுத்தம் வந்ததைக் கவனிக்கவில்லை. பஸ் புறப்படப் போகிறது. பதறிப்போய் “கெட் டவுன்! கெட் டவுன்!” என்று கத்தினேன். அவர் சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் பின்னந்தலையை மூடிக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவில் பதுங்கிவிட்டார்.

கத்திச் சொல்லும் கெட் டவுனுக்கு அவர் மொழியில் அதுதான் பொருள்: ஏதோ பறந்து வருகிறது, குனிந்துகொள். நடத்துநர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார். வெள்ளைக்காரர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “ஓ, கெட் ஆஃப்!” என்று சொல்லிச் சிரித்தபடி இறங்கிப் போனார். மரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குவதற்கு கெட் டவுன் சரி. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு அந்த நாளுக்குப் பிறகு நான் அதைச் சொன்னதில்லை.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. தமிழில் தன்வினை, பிறவினை என்று ஜோடி உண்டு: ஏறு ஏற்று, இறங்கு இறக்கு, திரும்பு திருப்பு, வெளியேறு வெளியேற்று. ஆங்கிலத்தில் கெட் ஒன்றே இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. நடுவில் ஒரு பெயரை நுழைத்தால் போதும். ‘கெட் இன்டு த ஆட்டோ’ என்றால் ஆட்டோவில் ஏறு. ‘கெட் த பேக்ஸ் இன்டு த ஆட்டோ’ என்றால் பைகளை ஆட்டோவில் ஏற்று. ‘கெட் டு த மார்க்கெட்’ சந்தைக்குப் போய்ச் சேர். ‘கெட் த ஃபிஷ் டு த மார்க்கெட் பை ஃபைவ்’ ஐந்து மணிக்குள் மீனைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர். துறைமுகத்தில் விடிகாலையில் நடக்கிற அத்தனை வேலையையும், படகிலிருந்து கூடையை இறக்குவது, ஐஸ் பெட்டிக்குள் வைப்பது, வண்டியில் ஏற்றுவது, எல்லாவற்றையும் கெட்டும் நான்கு குட்டிச் சொற்களும் சொல்லி முடித்துவிடும். அப்பரின் கதையில் கல் செய்ததும் அதுதான்: ‘காட் ஹிம் அஷோர்’. கரையேறுதல் அவருடையது, கரையேற்றியது கல்.

பழைய ஆங்கிலத்தில் தானே போவதற்குக்கூட ‘உன்னை’ என்று ஒரு சொல் சேர்க்கும் வழக்கு உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ஆபிராமுக்குக் கடவுள் இடும் கட்டளை “கெட் தீ அவுட் ஆஃப் தை கன்ட்ரி”. உன் நாட்டை விட்டு உன்னைக் கொண்டுபோ, என்கிற மாதிரி.

ஆனால் நடுவில் பெயர் வரும்போது ஒரு குழப்பம் எழும். எது முன்னிடைச்சொல், எது வினையோடு ஒட்டிய துணுக்கு? பெயரை எடுத்துவிட்டு ‘இட்’ போட்டுப் பாருங்கள். ஆற்றைக் கடப்பது ‘கெட் அக்ராஸ் த ரிவர்’. இட் போட்டால் ‘கெட் அக்ராஸ் இட்’. இட் பின்னால்தான் வரும், ஏனென்றால் அக்ராஸ் ஆற்றுக்குச் சொந்தமானது. சொல்ல வந்ததைப் புரியவைப்பது ‘கெட் த மெசேஜ் அக்ராஸ்’. இட் போட்டால் ‘கெட் இட் அக்ராஸ்’. இட் நடுவில் வருகிறது, ஏனென்றால் அக்ராஸ் இங்கே வினையின் வால். அதேபோல ‘கெட் ஓவர் இட்’ என்றால் மனத்தை ஆற்றிக்கொள். ‘கெட் இட் ஓவர் வித்’ என்றால் சட்டென்று முடித்துத் தொலை. முதலாவதை இழவு வீட்டில் எச்சரிக்கையாகத்தான் சொல்ல வேண்டும்; இரண்டாவதைச் சொல்லவே கூடாது.

இடத்தைப் பற்றிய சொற்கள் மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதும் அவற்றின் பழைய வடிவம் மாறுவதில்லை. த்ரூ என்றால் ஒன்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருவது. ஓவர் என்றால் ஒன்றின் மேலேறித் தாண்டுவது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்றைய இரவையும் காலையையும் பற்றிப் பேசினால் ‘வீ காட் த்ரூ இட்’ என்பேன்: காற்றுக்குள் கிடந்தோம், உயிரோடு வெளியே வந்தோம். ஆனால் பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரி மரமும் வேரோடு சாய்ந்தனவே, அதைப் பற்றிப் பேசும்போது த்ரூ போதாது. ஒரு முழுப் பலா வளர எத்தனை ஆண்டு! அந்த இழப்பு முன்னால் நின்ற ஒரு சுவர். அதன் மேலேறித் தாண்ட வேண்டும். ‘கெட் ஓவர்’. த்ரூ ஒரு நாளில் முடிந்தது. ஓவர் சிலருக்கு இன்னும் முடியவில்லை. தமிழில் இரண்டு வினை வேண்டும், தப்பினோம் என்றும் மீண்டோம் என்றும். ஆங்கிலத்தில் வினை அசையவே இல்லை. பக்கத்துச் சொல் மட்டும் மாறியது.

காய்ச்சலுக்கும் இதே ஓவர்தான். ஆனால் இங்கே இன்னொரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நாம் “காய்ச்சல் விட்டது” என்கிறோம். போவது காய்ச்சல், நாம் படுத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ காட் ஓவர் த ஃபீவர்’. காய்ச்சல் அப்படியே கிடக்கிறது, ஆள் அதைத் தாண்டிப் போகிறார். “எனக்கு வேலை கிடைத்தது” என்று கு போட்டு ஒதுங்கி நிற்கிறோம். ‘ஐ காட் அ ஜாப்’ என்று ஆங்கிலம் பேசுகிறவர் முன்னால் வந்து நிற்கிறார். எனக்கு என்று தொடங்கும் தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்கும்போது பெரும்பாலும் ஐ என்று தொடங்கி ஒரு கெட் போட்டால் சரியாக வரும்.

முன்னிடைச்சொற்கள் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து மயங்குவதைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒழுங்கே இல்லை என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலுக்கு அடுத்த இயலுக்கே வேற்றுமை மயங்கியல் என்றுதான் பெயர். நம் உருபுகளும் ஒன்றின் இடத்தில் ஒன்று வரும். பிறந்ததிலிருந்து கேட்பதால் நமக்கு உறைப்பதில்லை.

கடைகளில் தொங்கும் ‘ஐந்நூறு வினைத்தொடர்கள்’ வகைக் கையேடுகளை நான் மாணவர்களிடம் பறித்து வைத்துவிடுவேன். அகர வரிசையில் கெட் அட், கெட் பை, கெட் ஓவர் என்று அடுக்கி எதிரே ஒரு பொருள் போட்டிருப்பார்கள். ஓவரை ஓவராகவும் த்ரூவை த்ரூவாகவும் பார்க்காமல், இருபது கெட்டை இருபது தனிச் சொல்லாகப் படித்தால் இருபதும் மறக்கும். அதற்குப் பதிலாக ஒரு வாரத்துக்கு ஒரு குட்டிச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரம் போதும். அவுட் ஆஃப் வாரம் என்றால், ரெட்டிச்சாவடியில் ஒருவர் காரிலிருந்து வெளியே வருகிறார், கன்னியக்கோயிலில் லாரியிலிருந்து மூட்டை வெளியே வருகிறது, பின் இருக்கைக்காரர் கடனிலிருந்து வெளியே வந்த கதையைக் கைபேசியில் சொல்கிறார். மூன்றுக்கும் கெட் அவுட் ஆஃப். கடன் என்பது ஆங்கிலத்தில் ஓர் அறை என்பது அப்போது தெரியும். நமக்கோ அது குழி, அதில் விழுகிறோம்.

இனி உங்கள் குறிப்பு. “கெட் ஆஃப் அட் த புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட். கெட் இன்டு அன் ஆட்டோ, அண்ட் யூல் கெட் டு அவர் கெஸ்ட் ஹவுஸ் இன் டென் மினிட்ஸ். கம் இன் த்ரூ த புளூ கேட்.” முதல் வாக்கியத்தில் பஸ் என்ற சொல்லை ஒரு முறைதான் வைத்திருக்கிறேன், நிலையத்தின் பெயரிலேயே அது இருப்பதால். கடைசியில் கேட் வருவதற்கு முன் த்ரூ போட்டிருப்பதற்குக் காரணம், விருந்தினர் தங்கப் போவது உங்கள் விடுதிக்குள். நீலக் கதவு வழியாகத்தான் போகிறார், கதவுக்குள் குடியேறப் போவதில்லை. ‘கெட் டு’ என்ற இடத்தில் ‘ரீச்’ என்றே வைத்துக்கொள்ள விரும்பினாலும் தவறில்லை, அந்த டு மட்டும் போகட்டும். பத்து நிமிடத்தைத்தான் மேலாளரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை நேரு வீதிப் பக்கம் ஆட்டோ நகரும் வேகத்தை நானும் பார்த்திருக்கிறேன்.